இந்தியாவில் நிலவியல் வளர்ந்த வரலாறு

மௌலாலிக் குன்றையும் கோல்கொண்டாக் கோட்டையையும் காணாதார் நம் காலனியில் இலர். யாரோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் கருங்கற் பாறைகளைக் குழந்தைகள் வியந்து நோக்குகின்றனர். அவை எக்காலத்தன, எவ்வாறு தோன்றின என்று அவர்கள் வினவின், நம்முள் பலர் விடையறியாது விழிப்போம். அவ்வினாக்களுக்கு விடை கூறும் கலையே நிலவியல். அக்கலை இந்நாட்டில் வேரூன்றிய வரலாற்றில், நாம் வாழும் ஐதராபாத்துக்கும், நம் தாயகமாகிய தமிழகத்துக்கும், நமக்குச் சோறிடும் இருப்புப்பாதைக்கும் சிறந்த பங்குண்டு.

பொன்னையும் இரும்பையும் மணிகளையும் மண்ணிலிருந்து எடுக்கும் தொழிலை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஆயினும் பாறைகளை அடுக்கு அடுக்காகப் பிரித்து, அவற்றின் முறைமையை ஆராயும் இக்கால நிலவியல், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் தோன்றியது. அது இந்தியாவிற்குள் அளவைச் சங்கிலியின் துணையோடு நுழைந்தது.

சென்னையில் தொடங்கி வடதிசை நோக்கி நிலத்தை அளந்து சென்றவர் லாம்டன் என்னும் ஆங்கிலேயர். அவருடைய குழுவில் 1818ஆம் ஆண்டு மருத்துவராகவும் நிலவியலாராகவும் அமர்த்தப் பெற்றவர் ஹென்றி வாய்ஸி. ஐதராபாத் நாட்டைச் சுற்றி நடந்து அதன் பாறைகளை ஆராய்ந்து, நிலவியற் படமொன்றை அவர் வரைந்தார். தென்னாட்டு வைரச் சுரங்கங்களைப் பற்றியும் எழுதினார். கோல்கொண்டா வைரம் என்று உலகம் புகழ்ந்த கற்கள் கோட்டைக்கு அருகில் தோண்டப்பட்டவையல்ல. கிருஷ்ணை ஆற்றங்கரை முதலிய இடங்களில் எடுக்கப்பட்டு இங்கே விலைபோனவை. லாம்டன் 1823இல் காலமானார். அடுத்த ஆண்டே வாய்ஸியும் வழிப்பயணத்தில் உயிர் நீத்தார். இந்திய நிலவியலின் தந்தை என்று அவரை அறிஞர் போற்றுகின்றனர்.

அதன் பின்னர் இக்கலையை வளர்த்தது நிலக்கரி. நீராவிக் கப்பல்களுக்கும், பின்னர்ப் புகைவண்டிகளுக்கும் கரி வேண்டியிருந்தது. அதனைத் தேடுவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1846இல் வில்லியம்ஸ் என்பாரை வரவழைத்தனர். மூன்றாண்டிற்குள் காய்ச்சல் அவரைக் கொண்டு சென்றது. 1851இல் தாமஸ் ஓல்டாம் கல்கத்தா வந்து பொறுப்பேற்றார். அவ்வாண்டையே இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பிறப்பாண்டாகக் கொள்கிறோம். கரியை மட்டும் தேடினாற் போதாது, நாடு முழுவதையும் முறையாக ஆராய்ந்து படம் வரைய வேண்டும் என்பது ஓல்டாமின் உறுதி. அவ்வுறுதியே இத்துறையை அறிவியல் துறையாக ஆக்கிற்று.

அவர் கீழ்ப் பணியாற்றியோருள் இருவரை நாம் மறத்தலாகாது. ராபர்ட் புரூஸ் பூட் என்பார் 1863இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் மேலும் கிடைத்தபோது அவரோடு உடனிருந்தவர் வில்லியம் கிங். தமிழகத்தின் தொன்மையைக் காண உதவிய அந்தக் கிங் என்பாரே, 1871இல் இந்நாட்டின் எல்லந்து அருகே நிலக்கரிப் படிவத்தைக் கண்டறிந்தார். சிங்கரேணி என்று நாம் வழங்கும் கரி அதுவே. 1874இல் வாடியிலிருந்து சிகந்தராபாத்தை அடைந்த நிஜாம் இருப்புப்பாதை, பின்னர் அக்கரிவயல் வரை நீண்டது. 1889இல் கரி வெட்டும் தொழில் தொடங்கிற்று. பாதை கரியைத் தேடிச் சென்றது. கரி பாதையை ஓட்டிற்று. நீராவி எஞ்சின்கள் ஓய்ந்துவிட்ட இந்நாளிலும் அக்கரி மின்னிலையங்களுக்குச் சரக்கு வண்டிகளிற் செல்கின்றது.

அக்கரி இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வளர்ந்த காடுகளின் எச்சம். அப்பாறைத் தொகுதிக்குக் கோண்டு மக்களின் நாட்டை நினைந்து மெட்லிகாட் என்பார் 1872இல் கோண்டுவானா என்று பெயர் சூட்டினார். தென்கண்டங்கள் ஒருகாலத்தில் இணைந்திருந்த பெருநிலத்திற்கே பின்னர் அப்பெயர் வழங்கலாயிற்று. கல்வி வசதியற்ற கானக மக்களின் பெயரை இன்று உலகமெங்கும் மாணவர் ஓதுகின்றனர்.

ஆனால் இந்நாட்டு மக்களுக்கு இத்துறையிற் கிடைத்த இடம் யாது? கூடாரம் சுமந்தவரும், காட்டில் வழி காட்டியவரும், கிணறு தோண்டுகையில் வெளிப்பட்ட கல்லைக் கொணர்ந்து காட்டியவரும் நம்மவரே. அவர்களுட் பெரும்பாலோர் பெயர் அறிக்கைகளில் ஏறவில்லை. 1880இல்தான் பிரமதநாத் போஸ் என்னும் வங்காளி அதிகாரி நிலையில் சேர்ந்தார். இந்தியர்க்கு ஆராய்ச்சித் திறன் வாராது என்று மேலோர் கருதிய காலம் அது. தமக்கு இளையவரைத் தமக்கு மேலே உயர்த்தியமையால் அவர் 1903இல் பணியைத் துறந்தார். ஆயினும் சோர்ந்து விடவில்லை. மயூர்பஞ்சு நாட்டின் இரும்புத் தாதுவைக் குறித்து 1904இல் ஜம்ஷெட்ஜி டாட்டாவுக்கு மடல் எழுதினார். ஜம்ஷெட்பூரின் எஃகு ஆலை எழுந்தமைக்கு அம்மடல் ஒரு காரணமாயிற்று.

துறை தோன்றி நூறாண்டு நிறைந்த 1951இல் முதன்முதலாக ஓர் இந்தியர் அதன் தலைவரானார். அவர் தமிழர் என்பது நமக்குப் பெருமிதம் அளிப்பதாகும். தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன் 1898இற் பிறந்தவர். 1924இல் துறையிற் சேர்ந்தவர். இந்தியா, பர்மா நாடுகளின் நிலவியல் பற்றி 1943இல் அவர் வெளியிட்ட நூலைப் பல தலைமுறை மாணவர் பாடநூலாகக் கற்றனர். தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் 1961இல் நிறுவப்பட்டபோது, அதன் முதல் இயக்குநராக அவர் வந்து அமர்ந்த ஊர் எது? நம் ஐதராபாத்தே! பிழைப்பை நாடி இவ்வூர் வந்த நமக்கு முன்னோடியாக, அறிவை நாட்டிச் சென்றவர் அப்பெருமகனார். 1970இல் அவர் மறைந்தார்.

நம் நகரத்துக் கருங்கற் பாறைகளின் வயது ஏறத்தாழ இருநூற்றைம்பது கோடி ஆண்டு. மனை கட்டுவதற்காக நாள்தோறும் அவற்றிற் பல வெடி வைத்துத் தகர்க்கப்படுகின்றன. உடைந்த பாறை மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியவற்றையேனும் நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அவற்றின் வயதைச் சொல்லிக் கொடுப்போம். மருத்துவமும் பொறியியலுமே கல்வி என்று எண்ணாது, கல்லின் மொழியைக் கற்க விரும்பும் பிள்ளைக்கு வழிவிடுவோம். கிருஷ்ணனார் பிறந்த இனத்தார் அவருக்குச் செலுத்தத் தகுந்த நன்றி அதுவேயாகும்.