இருவர் துயிலும் அணை

தமிழன் எந்நாடு சென்றாலும் மொழியையும் கோயிலையும் உடன்கொண்டு சென்றான் என்று மேடைதோறும் பேசுகின்றோம். பேசத்தக்கதே. ஆயின் அவன் தோளில் சுமந்து சென்ற மற்றொரு பொருளைப் பற்றி நாம் பேசுவதில்லை. சுருட்டிக் கயிற்றால் கட்டிய பாய்தான் அது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் பிழைப்பு நாடிக் கோலார் தங்கவயலுக்கு வந்த குடும்பங்களின் முதற் சொத்து, பெரும்பாலும் ஒரு பாயும் சில பாத்திரங்களுமே ஆகும். அந்தப் பாய் மெத்தையாக மாறிய வரலாறு, ஒரு வகையில் நம் இல்லறத்தின் வரலாறுமாகும். அதனைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படுக்கையைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள்! அணை, அமளி, சேக்கை, பாயல், பள்ளி என அடுக்கிக்கொண்டே போகலாம். பாயல் என்னும் சொல் படுக்கையையும் குறிக்கும், உறக்கத்தையும் குறிக்கும். அமளி என்பது படுக்கைக்கும் பெயர், ஆரவாரத்துக்கும் பெயர். மெத்தை என்றால் மேல்மாடி என்றும் ஒரு பொருள் உண்டு. மாடியுள்ள வீட்டை மெத்தை வீடு என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். மென்மையான படுக்கையும் மாடி வீடும் செல்வர்க்கே உரியனவாய் இருந்த காலத்தின் நினைவு, இந்த ஒரு சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது போலும்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் ஓர் அரசியின் கட்டிலை விரிவாகக் காட்டுகின்றார். நாற்பது ஆண்டு அகவை எய்திப் போரில் வீழ்ந்த யானையின் கொம்பு அக்கட்டிலுக்கு உறுப்பாயிற்று. அதன்மேல் விரித்த அணைக்குள் இட்டது, துணையோடு கூடிய அன்னத்தின் மெல்லிய தூவி. அதற்கும் மேலே, கஞ்சியிட்டுத் துவைத்த வெண்துகில். இருவர் துயில்வதற்கென்றே இணைபிரியாப் பறவையின் இறகைத் தேடி அடைத்தனர் பண்டையோர். எனினும் அந்த அணையில் அரசி தனியளாய்க் கண்ணீர் வடிக்கின்றாள். அரசனோ நள்ளிரவில் பாசறையிலே புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறித் திரிகின்றான். அணை எத்துணை மெல்லியதாயினும், துணை அருகில் இல்லையேல் அது உறக்கம் தாராது என்பதைப் புலவர் இவ்வாறு உணர்த்துகின்றார்.

சிலப்பதிகாரத்தையும் எண்ணிப் பாருங்கள். கோவலனும் கண்ணகியும் இல்லறம் தொடங்கிய நாளில் வீற்றிருந்தது, மணிக்கால் பொருந்திய அமளி. மதுரையில், ஆயர் மனையில், கண்ணகி சமைத்த கடைசி உணவை உண்ணக் கோவலன் அமர்ந்தது, பனையோலையால் பின்னிய சிறு தவிசு. அமளியில் தொடங்கித் தவிசில் முடிந்த அந்த வாழ்வில், எந்த இருக்கையில் அவர்கள் ஒருவரை ஒருவர் நன்கு அறிந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

பின்னாளில் பஞ்சசயனம் என்னும் வழக்கு எழுந்தது. இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர், அன்னத்தூவி ஆகிய ஐந்தினால் ஆகிய படுக்கை என்று அதற்குப் பொருள் கூறுவர். ஆண்டாள் அருளிய திருப்பாவையின் 19ஆம் பாசுரத்திலும் இப்பஞ்சசயனம் இடம்பெற்றுள்ளது. இவ்வைந்தனுள் ஏழை எளியவர் வீடுவரை வந்து சேர்ந்தது இலவம்பஞ்சு ஒன்றே. அந்த இழை குட்டையானது, வழுவழுப்பானது. ஆதலின் நூலாக நூற்பதற்கு எளிதில் உதவாது. ஆனால் உள்ளே வெற்றிடமாய்க் காற்றடைத்துக் கிடப்பதால் எடை குறைவு. நீரும் எளிதில் ஒட்டாது. கப்பல் பயணிகளின் மிதவை உடைக்குள் அதனை அடைத்ததற்கும் காரணம் இதுவே. போடிநாயக்கனூர்ப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து அப்பஞ்சு தென்னாடெங்கும் சென்றது. பழத்துக்காக இலவு காத்த கிளி ஏமாந்தது. பஞ்சுக்காகக் காத்த மனிதன் ஏமாறவில்லை!

பஞ்சினை வில்லால் அடித்து நொய்தாக்கும் கலையும் நமக்குப் புதிதன்று. கடலலையின் வெண்பிசிரை, வில்லால் அடிபட்ட பஞ்சுக்கு ஒப்பிடுகின்றது நற்றிணையின் 299ஆம் பாடல். அந்தத் தொழிலின் வழித்தோன்றல்களாகப் பஞ்சு கொட்டுவோர், நீண்ட வில்லைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத்தெருவாய் வந்தனர். கன்னட நாட்டில் அவர்களைப் பிஞ்சாரர் என்றும் நதாபர் என்றும் அழைப்பர். வில்லின் நாணில் மரக்கட்டையால் தட்டும் ஒலி கேட்டால் இல்லத்தரசியர் அமுங்கிப்போன பழைய மெத்தையை வெளியே கொணர்வர். மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்து, புது உறையில் திணித்து, ஊசியால் ஆங்காங்கே முடிச்சிட்டுத் தருவார்கள். ஒரே மெத்தை பன்முறை மறுபிறவி எடுத்து, ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறைக்கும் பயன்பட்டது.

இனித் தங்கவயலுக்கு வருவோம். 1873இல் இலவேல் என்னும் அயர்லாந்துக்காரர் இங்குப் பொன் தேடும் உரிமை கோரினார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்றனர். 1894இல் இருப்புப்பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் சென்றது. அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்தது. இவையெல்லாம் நூல்களில் உள்ளன. ஆனால், அந்த வெப்பத்தில் எட்டு மணி நேரம் உழைத்து மேலே வந்தவன் எங்கே படுத்தான், எப்படிப் படுத்தான் என்பதை நூல்கள் மிகுதியாக எழுதவில்லை.

தொழிலாளர் குடியிருப்பாகிய ‘லைன்’ வீடுகளில் ஓர் அறையே சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் உறக்கத்துக்கும் உரியது. அங்கே பெற்றோரும் பிள்ளைகளும் ஊரிலிருந்து வந்த உறவினரும் ஒன்றாய்த் தங்கினர். இத்தகைய வீட்டில் மெத்தைக்கு இடமேது? பாயின் சிறப்பு இங்கேதான் விளங்குகின்றது. விடிந்ததும் சுருட்டி மூலையில் சாத்தினால் படுக்கையறை மறைந்து அடுக்களை தோன்றும். முசிறி, கரூர்ப் பக்கத்துக் கோரைப்பாய் ஏழைக்கு உற்ற துணையாயிற்று. வசதி படைத்தோர் திருமணத்துக்கு மணமக்களின் பெயர் பொறித்த பத்தமடைப் பாய் வாங்கினர். தாமிரபரணிக் கோரையை ஆற்று நீரில் ஊறவைத்து மயிரிழைபோல் கீறி நெய்யும் அப்பாய், தமிழர் இல்லறத்தின் முத்திரைபோல் விளங்கியது.

அதனினும் பெரிய இடர் இடநெருக்கடி அன்று, நேரம். சுரங்கம் இரவும் பகலும் இயங்கியது. பகல் முறை, மாலை முறை, இரவு முறை என ஷிப்டு மாறிக்கொண்டே இருந்தது. கணவன் இரவு ஷிப்டு சென்றால் மனைவி தனியே உறங்கினாள். அவன் விடியலில் திரும்பும்போது அவள் எழுந்து அடுப்பு மூட்டினாள். ஒரே பாய், இருவர். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் அதில் படுத்த நாட்கள் குறைவு. நெடுநல்வாடை அரசியின் துயரம், யானைக்கொம்புக் கட்டில் இல்லாமலேயே, லைன் வீடுகளில் நிலவியது என்க. அதுமட்டுமோ? ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே நிலம் அதிர்ந்தது, சுவர் நடுங்கியது. நள்ளிரவில் அந்த அதிர்வு வரும்போது, பாயில் எழுந்து உட்கார்ந்து, எந்தச் சுரங்கமோ எந்த ஆழமோ என்று நெஞ்சு பதைத்த பெண்களுக்கு எந்த மெத்தைதான் உறக்கம் தந்திருக்கும்?

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பது பழமொழி. உழைத்துக் களைத்த இளைஞனுக்கு இது முற்றும் பொருந்தும். ஆனால் பழமொழியில் பாதி உண்மையே உள்ளது. இளமையில் சுகம் அறியாத உடம்பு, முதுமையில் ஒவ்வொரு எலும்பையும் கணக்குக் கேட்கின்றது. குனிந்து தோண்டிய முதுகு வலிக்கின்றது. கல்தூசு படிந்த நுரையீரல், மல்லாந்து படுத்தால் திணறுகின்றது. தலையணையை அடுக்கிச் சாய்ந்தே இரவைக் கழிக்க நேர்கின்றது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அந்த நோய்கள் அன்றோடு மூடப்படவில்லை.

மெத்தை என்னும் பொருளும் இடைக்காலத்தில் பெரிதும் மாறிவிட்டது. 1900ஆம் ஆண்டையொட்டி, கனடா நாட்டுப் பொறியாளர் ஜேம்ஸ் மார்ஷல், ஒவ்வொரு சுருள்வில்லையும் தனித்தனித் துணிப்பையில் இட்டு மெத்தை செய்யும் முறையைக் கண்டார். 1929 அளவில் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தார் ரப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து மெத்தையாக்கினர். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் வகுத்த வேதியியல் முறையிலிருந்து பின்னாளில் செயற்கை நுரைப்பஞ்சு பிறந்தது. 1966இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பணிக்காக, உடலின் வடிவுக்கேற்ப அமுங்கும் நுரை உருவாயிற்று. நம் கருநாடகத்திலோ, 1962இல் தொடங்கிய கர்லான் நிறுவனம் ரப்பரூட்டிய தென்னைநார் மெத்தையை வீடுதோறும் பரப்பியது.

இத்தனை வகைகளுள் இருவர்க்கு ஏற்றதை எப்படித் தெரிவது? வரலாறு மூன்று பாடங்களைத் தருகின்றது.

முதலாவது, அகலம். நான்கடி அகல மெத்தையில் இருவர் படுத்தால் ஒருவர்க்குக் கிடைப்பது இரண்டடியே. கைக்குழந்தையின் தொட்டில் மெத்தைகூட அதனினும் சற்று அகலமானது. ஐந்தடி அகலமே இருவர்க்கு நடுத்தரமான அளவு. அறை இடம் கொடுத்தால் ஆறடி மேலும் நன்று. கடைக்குப் போகுமுன் அறையை அளந்து, நடந்து செல்ல இரண்டு பக்கமும் வழி விட்டுக் கணக்கிடுதல் வேண்டும். நள்ளிரவில் எழும் முதியவர், உறங்குபவரைத் தாண்டிச் செல்லும்படி சுவரோரம் மெத்தையை ஒட்டிப் போடுதல் நன்றன்று.

இரண்டாவது, இறுக்கம். முதுகு வலிக்குக் கட்டாந்தரையே மருந்து என்னும் எண்ணம் நம்மிடையே ஊன்றியிருக்கின்றது. ஸ்பெயின் நாட்டில் நெடுநாள் இடுப்புவலி கொண்ட 313 பேரை மருத்துவர் கோவாக்ஸ் குழுவினர் ஆராய்ந்து, 2003இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டனர். மிக இறுகிய மெத்தையைவிட, நடுத்தர இறுக்கமுள்ள மெத்தையே 90 நாட்களில் மிகுதியான நலம் தந்தது என்பது அவர்கள் கண்டது. எனவே கல்போன்றதும் வேண்டா. குழைந்து உள்ளிழுப்பதும் வேண்டா. தோளும் இடுப்பும் சற்றே அமுங்க, முதுகெலும்பு நேராய் நிற்பதே அளவு. கணவனும் மனைவியும் எடையில் பெரிதும் வேறுபட்டால், மெல்லிய மெத்தையில் இலேசானவர் பளுவானவர் பக்கம் சரிந்து விழுவார். அத்தகையோர் ஒரே உறைக்குள் இருவேறு இறுக்கமுள்ள இரண்டு மெத்தைகளை இணைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, அசைவு. இதுவே தங்கவயல் குடும்பங்களுக்கு இன்றும் முதன்மையானது. சுரங்கத்தின் ஷிப்டு ஓய்ந்தது. ஆனால் விடியுமுன் எழுந்து மாரிக்குப்பத்திலிருந்தும் உரிகத்திலிருந்தும் பெங்களூருக்கு ரயிலேறும் ஷிப்டு ஓயவில்லை. ஒருவர் இருளில் எழும்போது மற்றவர் உறக்கம் கெடாதிருக்க வேண்டும். ஒன்றோடொன்று பிணைந்த சுருள்வில் மெத்தையில் ஓரத்து அசைவு மறு ஓரம்வரை செல்லும். தனிப்பையிட்ட சுருள்வில்லும், ரப்பர் நுரையும், நல்ல இலவம்பஞ்சும் அசைவை ஆங்காங்கே அடக்கிவிடும். இலவம்பஞ்சை விரும்புவோர் அதனை அடிக்கடி வெயிலில் காயவைத்து, சில ஆண்டுகளுக்கொரு முறை அடித்துத் திணிக்க வேண்டும். சயனைடு மேட்டுத் தூசு காற்றில் பறக்கும் நம் ஊரில், எந்த மெத்தைக்கும் கழற்றித் துவைக்கத்தக்க உறை இன்றியமையாதது.

இவை எல்லாவற்றினும் மேலான ஒன்று உண்டு. மெத்தை வாங்கும் பொறுப்பை நம் வீடுகளில் ஆண்மகன் ஒருவனே ஏற்பதும், அல்லது பெண்வீட்டுச் சீராக யாரோ தெரிந்தெடுத்து அனுப்புவதும் வழக்கமாய்விட்டது. இரவெல்லாம் அதில் படுப்பவர் இருவர். ஆதலின் இருவரும் சேர்ந்தே கடைக்குச் செல்லுதல் வேண்டும். இருவரும் அதன்மேல் படுத்து, புரண்டு, எழுந்து பார்த்தல் வேண்டும். கடைக்காரர் முன் படுப்பதா என்று நாணுவோர் உளர். பத்து ஆண்டு முதுகு வலிக்கு முன் பத்து நிமிட நாணம் பெரிதோ?

நம் முன்னோர் ஒரே பாயை வேளை மாற்றி விரித்தனர். பொன்னை வெட்டி எடுத்தவர்கள் பஞ்சணை கண்டதில்லை. அவர்களுள் இன்னும் நம்மோடு வாழும் முதிய தம்பதியர் பலர், இன்றும் அதே தரையில் அதே பாயில் படுத்து, ‘எங்களுக்கு இது பழகிவிட்டது’ என்கின்றனர். பழகியது உடம்பன்று, உள்ளம். மக்கள் தம் பெற்றோர்க்கு இவ்வாண்டு ஒரு புத்தாடை குறைத்தாயினும், அளவறிந்து தெரிந்த மெத்தை ஒன்றை வாங்கி அளிப்பராக. ஷிப்டு சங்கு ஊதாத இரவுகளில், அவ்விருவரும் ஒருங்கே கண்ணயர்ந்து ஒருங்கே விழித்தெழுவாராக!