நகர்ந்து சென்ற சுவர்

புணே நகரில் குடியேறிய தமிழர்களாகிய நாம், ஊரிலிருந்து உற்றார் வரும்போதெல்லாம் அவர்களை அழைத்துச் செல்லும் தலங்களுள் ஆளந்தியும் ஒன்று. இந்திராயணி ஆற்றங்கரையில், 1296ஆம் ஆண்டு சமாதியடைந்த ஞானேசுவரரை வணங்கிய பின்னர், பழஞ்சுவர் ஒன்றையும் காட்டுவர். 'இதுதான் நகர்ந்து சென்ற சுவர்' என்போம். குழந்தைகளோ, 'புலி எங்கே?' என்றுதான் கேட்பர்.

கதையைச் சுருங்கக் கூறுவோம். 1400 ஆண்டுகள் வாழ்ந்தவர் என்று மரபு கூறும் யோகி சாங்க்தேவர், இளைஞரான ஞானேசுவரரின் புகழைக் கேள்வியுற்று மடல் வரைய முற்பட்டார். வயதில் இளையவர்க்கு ஆசி எழுதுவதா, ஞானத்தில் மூத்தவர்க்கு வணக்கம் எழுதுவதா என்னும் ஐயத்தால் வெற்றுத் தாளையே அனுப்பினார். இத்தனை ஆண்டு வாழ்ந்தும் இவர் வெறுமையாகவே இருக்கிறாரே என்று தங்கை முக்தாபாய் நகைத்தாளாம். ஞானேசுவரரோ அந்த வெற்றுத் தாளுக்கு 65 செய்யுட்களில் விடை எழுதினார். 'சாங்க்தேவ் பாசஷ்டி' என்னும் பெயரால் அவை இன்றும் வழங்குகின்றன.

பின்னர்ச் சாங்க்தேவர் புலிமீதேறி, பாம்பைச் சாட்டையாகக் கொண்டு, சீடர் புடைசூழ வந்தார். உடன்பிறந்தார் நால்வரும் ஒரு சுவர்மீது அமர்ந்திருந்தனர். விருந்தினரை எதிர்கொண்டு அழைக்க வேண்டுமல்லவா? சுவரே நகர்ந்து எதிர்சென்றது. சாங்க்தேவர் புலியை விட்டு இறங்கினார். முக்தாபாயையே குருவாக ஏற்றார் என்பர்.

இக்காட்சியைத் திரையில் நிகழ்த்திக் காட்டியதும் இப்புணே நகரே. கோலாப்பூரில் 1929இல் தோன்றி 1933இல் இங்கு இடம்பெயர்ந்த பிரபாத் நிறுவனம், 1940இல் 'சந்த் ஞானேசுவர்' படத்தை வெளியிட்டது. தாம்லே, ஃபத்தேலால் இருவரும் இயக்க, ஷாகு மோடக் ஞானேசுவரராக நடித்தார். அந்நிறுவனம் இருந்த இடத்தில்தான் 1960இல் தொடங்கப்பெற்ற திரைப்படப் பயிற்சி நிலையம் உள்ளது. தமிழகத்திலும் 1953இல் வெளிவந்த 'ஔவையார்' படத்தில், யானைக் கூட்டம் கோட்டையைத் தகர்க்கக் கண்டு மக்கள் வியந்தனர். யானைகளின் காட்சி பெரிதே. எனினும், எம் நெஞ்சில் நிற்பது சுவர்தான். கோட்டை தகர்ந்தது பகைவரை வெல்ல. சுவர் நகர்ந்ததோ வந்தவரை வரவேற்க.

பேராற்றல் படைத்தும் பதறாத இத்தகைய ஆசான்மார்பால் நம் உள்ளம் ஈர்க்கப்படுவது ஏன்? மொழி தெரியாத ஊரில் ஏளனத்துக்கு ஆளாகி வீடு திரும்பும் பிள்ளையிடம், 'பொறுத்துப் போ' என்று சொல்லாத தமிழ்ப் பெற்றோர் இங்கு எவர்? அப்பொறுமையில் பாதி அச்சம் என்பதைப் பிள்ளையும் அறியும், நாமும் அறிவோம். சினம் பலிக்குமிடத்து அதனைக் காப்பதற்கும், பலியாவிடத்து அடக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வைத்தார். முன்னது நமக்கு எளிதில் வாய்ப்பதில்லை. அதனை ஒருவரிடம் காணும்போது கண்ணெடுக்க இயலாமற் போகிறது.

மூத்தவர் இளையவரைத் தேடி வந்து பணிவதும் நமக்குப் புதிதன்று. வடக்கே அயோத்தியில் இருந்த முதியவர் மதுரகவி, தெற்கே தோன்றிய ஒளியைத் தொடர்ந்து வந்து, குருகூர்ப் புளியமரத்தடியில் வாய்திறவாதிருந்த நம்மாழ்வாரைக் கண்டு அடிமைப்பட்ட வரலாற்றை வைணவ நூல்கள் கூறுகின்றன. ஆளந்திக் கதையைக் கேட்ட நம்மவர் சிலர், 'இது நம்மூர்க் கதையாயிற்றே' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆயினும், ஞானேசுவரரின் அமைதியைப் பிறவிக்குணம் என்று கொள்வது பிழை. துறவு பூண்டபின் இல்லறத்துக்கு மீண்டவரின் மக்கள் என்பதால் ஊரார் ஒதுக்கிவைத்த குடும்பம் அது. ஒருநாள் வசைமொழி பொறாமல் அவர் குடிலுக்குள் சென்று கதவடைத்துக்கொண்டார் என்று மரபு கூறுகிறது. வெளியே நின்று, சினம் தணிந்து கதவைத் திறக்குமாறு பாடல்களால் வேண்டியவள் நால்வருள் இளையவளான முக்தாபாய். அவள் பாடல்களுக்குத் 'தாட்டீச்சே அபங்கம்' என்று பெயர். தாட்டி என்பது மூங்கிலால் முடைந்த கதவு. நாம் தட்டி என்கிறோமே, ஏறக்குறைய அதுவே. சுவர் நகர்ந்ததைக் காட்டும்போது, அத்தட்டி திறந்த கதையையும் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அப்போது அவர்கள் புலியைப் பற்றிக் கேட்பதில்லை. 'அந்தத் தங்கைக்கு அப்போது எத்தனை வயது?' என்று கேட்கிறார்கள்.