துவக்கி ரிலே (பழைய தானுந்துகள்)

துவக்கி ரிலே என்பது தானுந்தின் சாவியிலிருந்து வரும் சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு, துவக்கி மின்னோடிக்குரிய (ஸ்டார்ட்டர் மோட்டார்) பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் மின்காந்த ஆளி ஆகும். பழைய வண்டிகளில் கியர்பெட்டியை மாற்றும்போது இதனையும் மாற்ற நேரிடலாம். துவக்கி மின்னோடி, கியர்பெட்டியின் மணிவடிவ உறையை ஒட்டியே பொருத்தப்படுவதும், ஃப்ளைவீலின் பல்வளையத்தோடு பொருந்தவேண்டியிருப்பதும் இதற்குக் காரணமாகும்.

அம்பாசடர் எடுத்துக்காட்டு

1957 முதல் 2014 வரை உத்தர்பாராவில் தயாரிக்கப்பட்ட அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவியது. இதன் 1489 கன செ.மீ. பெட்ரோல் பொறியில் பயன்பட்டது நிலைமவகைத் துவக்கி ஆகும். இதில் சொலினாய்டு தனியே, மின்னோடிக்கு வெளியே இருக்கும். மின்னோடி உண்ணும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் அதன் வழியாகவே செல்லும். 1990களில் வந்த இசுசு பொறியும் ஐந்து கியர் பெட்டியும் கொண்ட அம்பாசடரில் துவக்கியின் மீதே சொலினாய்டு அமைந்துள்ளது. அது முதலில் பற்சக்கரத்தை முன்னே தள்ளி, பின்னரே மின்னோடியை இணைக்கும். பழைய வண்டிக்கு இவற்றை மாற்றுவோர், பழைய சொலினாய்டை என்ன செய்வது என்று தடுமாறுவதுண்டு.

தெரிவு செய்தல்

முதல் வகைக்குச் சிறிய கனசதுர ரிலேவை மட்டும் பொருத்தக் கூடாது. 40 ஆம்பியர் ரிலேவின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். சாவியை எடுத்த பின்னும் மின்னோடி சுழன்றுகொண்டே இருக்கும். மின்கலத்தின் கம்பியைக் கழற்றுவதொன்றே அப்போது வழி.

இரண்டாம் வகையில் ரிலே தாங்கவேண்டியது சொலினாய்டுச் சுருளின் மின்னோட்டத்தை மட்டுமே. இழுக்கும் கணத்தில் இது 30 ஆம்பியர் அளவு ஆகலாம். தேய்ந்த சாவி ஆளியிலும் பழைய கம்பியிலும் 0.1 ஓம் மின்தடை இருப்பின் 3 வோல்ட் இழப்பு ஏற்படும். பொறி 'டிக்' என்று ஒலித்து நின்றுவிடுவதற்கு இது போதும். பலர் இதனால் நல்ல மின்கலத்தை வீணாக மாற்றுகின்றனர். 40 ஆம்பியர் ரிலே போதுமெனினும், 70 ஆம்பியர் வகையே மேலானது.

இணைப்பில் 30 எண் முனை உருகி வழியாக மின்கலத்திற்கும், 87 துவக்கியின் 50 எண் முனைக்கும், 86 சாவிக்கும், 85 உடற்சட்டத்திற்கும் செல்லும். தடித்த கம்பியோ மின்கலத்திலிருந்து நேரே துவக்கிக்குச் செல்லவேண்டும். பழைய சொலினாய்டை இடையில் விட்டு, துவக்கியின் 30, 50 முனைகளைக் குறுக்கே இணைப்பது ஒரு குறுக்குவழி. நிலைக்காந்த மின்னோடியாயின், சாவியை விட்ட பின்னும் சுழலும் மின்னோடி தானே மின்னாக்கியாகிச் சொலினாய்டைச் சற்று நேரம் பிடித்துவைக்கும், பல்வளையம் தேயும்.

தானியங்கிப் பெட்டி

தானியங்கிக் கியர்பெட்டிக்கு மாற்றுகையில், நிறுத்தம், நடுநிலை ஆகிய இரு நிலைகளில் மட்டும் மூடும் ஆளியை 85 எண் முனைக்கும் உடற்சட்டத்திற்கும் இடையே இணைத்தல் வேண்டும். இதன் வழியே செல்வது கால் ஆம்பியருக்கும் குறைவு என்பதால் மெல்லிய ஆளியே போதும். இதை விட்டுவிட்டால், கியரில் இருக்கும் வண்டி சாவியைத் திருப்பியவுடன் முன்னே பாயும். வண்டியின் முன் ஒருவர் நின்றிருந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கைக்கியர் வண்டியில் கிளட்ச் மிதியில் வைக்கும் ஆளி இதே பணியைச் செய்யும்.

முனைவு

1960களின் நடுப்பகுதி வரை பிரித்தானிய வடிவமைப்புத் தானுந்துகள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே உடற்சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. சுருளின் குறுக்கே டயோடு உள்ள ரிலேக்களை இத்தகைய வண்டிகளில் 85, 86 முனைகளை மாற்றியே இணைக்கவேண்டும்; இல்லையெனில் டயோடு முதல் திருப்பத்திலேயே எரிந்துவிடும்.