மைசூர் வாணம்: ஓர் இரும்புக் குழலின் வரலாறு

நாகூர்க் கந்தூரியின்போது நடைபெறும் வாணவேடிக்கையைக் கண்டு மகிழாதார் நம்மில் குறைவு. தீப்பொறி சிந்தி விண்ணை நோக்கிச் சீறிப் பாயும் அந்த வாணத்துக்கும், திங்களை எட்டிய விண்கலத்துக்கும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே. குழலுக்குள் அடைத்த மருந்து எரிந்து வாயுவாகிப் பின்புறத் துளை வழியே விரைந்து வெளியேறுகிறது. அதன் எதிர்விசையால் குழல் முன்னோக்கிப் பாய்கிறது. இந்த எளிய விளையாட்டுப் பொருளை ஓர் அரசின் படைக்கலமாக உயர்த்திய பெருமை மைசூர் மன்னர்களான நவாப் ஹைதர் அலீக்கும், அவர்தம் மைந்தர் ஷஹீத் திப்பு சுல்தானுக்கும் உரியது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். "உலகில் முதன்முதலாக ராக்கெட்டைக் கண்டுபிடித்தவர் திப்பு சுல்தானே" என்று நம் மேடைகளில் முழங்கப்படுவதுண்டு. அது வரலாறு அன்று. கருமருந்தும் வாணமும் சீனத்தில் தோன்றியவை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிரியா நாட்டு அறிஞர் ஹஸன் அர்ரம்மாஹ், மரச் சாம்பலைக் கொண்டு வெடியுப்பைத் தூய்மைப்படுத்தும் முறையையும், வாணங்களுக்கான மருந்துக் கலவைகளையும் தம் நூலில் எழுதி வைத்தார். நீரின் மேல் தானே விரைந்து சென்று பகைவர் கப்பலைத் தாக்கும் ஒரு கருவியையும் அவர் அந்நாளிலேயே வடிவமைத்துக் காட்டினார். இந்திய மண்ணிலும் திப்புவுக்கு முன்பே வாணங்கள் போர்க்களம் கண்டிருந்தன. ஹைதர் அலீயின் தந்தை ஃபத்ஹ் முஹம்மது, ஆர்க்காட்டு நவாபின் படையில் ஐம்பது வாணக்காரர்களுக்குத் தலைவராயிருந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

அங்ஙனமாயின் மைசூர் செய்த புதுமை யாது? அது குழலில் இருக்கிறது. அதுகாறும் வாணக் குழல்கள் பெரும்பாலும் காகித அட்டையாலோ மூங்கிலாலோ ஆனவை. மருந்தை மிகுதியாகவும் இறுக்கமாகவும் திணித்தால், எரியும்போது எழும் அழுத்தத்தைத் தாங்காது அவை பிளந்துவிடும். மைசூர்ச் சீமையின் கொல்லர்களோ இரும்புத் தகட்டை உருளையாக வளைத்துக் குழல் சமைத்தனர். இரும்பு அழுத்தத்தைத் தாங்கியது. அழுத்தம் மிகவே வேகம் மிகுந்தது. வேகம் மிகவே தொலைவும் மிகுந்தது. ஏறத்தாழ ஒரு பவுண்டு மருந்து கொண்ட வாணம் ஓராயிரம் கெஜம் வரை சென்றது.

இங்கிலாந்திலுள்ள வுல்விச் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட இரண்டு மைசூர் வாணங்களின் அளவுகள் பதிவாகியுள்ளன. ஒன்று 58 மில்லிமீட்டர் விட்டமும் 254 மில்லிமீட்டர் நீளமும் உடைய குழல். ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நேரான வாளோடு தோல் வாரினால் பிணைக்கப்பட்டது. மற்றொன்று 37 மில்லிமீட்டர் விட்டமும் 198 மில்லிமீட்டர் நீளமும் உடையது, 1.9 மீட்டர் மூங்கிற் கழியில் கட்டப்பட்டது. கழியோ வாளோ வெறும் அலங்காரமன்று. வாணம் நிலைதடுமாறிச் சுழலாமல் நேரே செல்வதற்கு வாய்த்த வால் அது.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கும்பெனிப் படை முற்றிலும் முறியடிக்கப்பட்டது. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியது அத்தோல்விக்கு ஒரு காரணம். வாணம் பட்டு வெடித்தது என்பார் பலர்; பீரங்கிக் குண்டு பட்டது என்பாரும் உளர். அவ்வெடிப்பின் காட்சியை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தவ்லத் மாளிகைச் சுவரோவியத்தில் இன்றும் காணலாம்.

திப்பு சுல்தான் இப்படைக்கு முறையான அமைப்பும் தந்தார். ஜைனுல் ஆபிதீன் ஷுஸ்தரி பாரசீக மொழியில் எழுதிய 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்' என்னும் படைநூல் அவர் காலத்தது. படைப்பிரிவு ஒவ்வொன்றோடும் வாணக்காரர் இணைக்கப்பட்டனர். 1799 ஏப்ரல் 5 இரவு, சுல்தான்பேட்டைத் தோப்பில் வாணங்களுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் ஆற்றாது ஓர் ஆங்கிலக் கர்னலின் படை குலைந்து பின்வாங்கியது. அந்தக் கர்னலே பின்னாளில் நெப்போலியனை வாட்டர்லூவில் வென்ற வெல்லிங்டன் பிரபு ஆவார்! ஆயினும் வாணம் குறி தவறுவது மிகுதி. அது கோட்டையைக் காத்துவிடவில்லை. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. சுல்தான் களத்திலேயே ஷஹீதானார். நிறைவுற்ற வாணங்கள் 700, மருந்திடாத குழல்கள் 9,000 ஆங்கிலேயர் கைப்பட்டன என்பர்.

அதன் பின் நிகழ்ந்ததே நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது. மைசூர் வாணங்கள் கடல் கடந்து வுல்விச் படைக்கலச் சாலைக்குச் சென்றன. வில்லியம் காங்கிரீவ் என்பார் லண்டன் கடைகளில் கிடைத்த வாணங்களுள் பெரியவற்றை வாங்கிச் செலுத்திப் பார்த்தார்; அவை 600 கெஜத்தைத் தாண்டவில்லை. இந்திய வாணங்கள் அதனினும் தொலைவு செல்வதை அவர் அறிந்திருந்தார். தம் கைப்பொருளைச் செலவிட்டு மருந்தை மாற்றினார், குழலை மாற்றினார், ஒவ்வொரு முறையும் அளந்தார், எழுதினார், அச்சிட்டார். 1806-இல் அவருடைய வாணம் 3,000 கெஜத்தை எட்டியது. 1807-இல் கோபன்ஹேகன் நகர் அவற்றால் தீக்கிரையாயிற்று. 1814-இல் பால்டிமோர்த் துறைமுகத்தில் அவை உமிழ்ந்த செந்தழல் அமெரிக்க நாட்டுப் பண்ணிலும் இடம்பெற்றது.

மைசூரில் என்ன எஞ்சிற்று? கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்து நகரா என்னும் சிற்றூரில், பழங்கிணறு ஒன்றைத் தோண்டியபோது 2018-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு வாணக் குழல்கள் கிடைத்தன. சேற்றில் புதைந்து கிடந்த அக்குழல்கள் நமக்கு ஒரு பாடம். அவற்றைச் சமைத்த கொல்லரின் கைத்திறம் குறைவானதன்று. ஆயின் அத்திறம் கையிலேயே நின்றது. அரசு வீழ்ந்ததும் பட்டறை அணைந்தது. பட்டறை அணைந்ததும் அறிவும் அணைந்தது. காங்கிரீவின் அறிவோ ஏட்டில் ஏறியது. ஆதலால் அவருக்குப் பின்னும் வளர்ந்தது. ஹஸன் அர்ரம்மாஹ்வை ஏழு நூற்றாண்டுக்குப் பின்னும் நாம் அறிவதற்கு அவர் எழுதி வைத்ததே காரணம் அன்றோ?

1963-ஆம் ஆண்டளவில், பயிற்சிக்காக அமெரிக்கா சென்ற இராமேசுவரத்து இளைஞர் ஒருவர், வாலப்ஸ் ராக்கெட் தளத்தின் வரவேற்பறையில் ஓர் ஓவியத்தைக் கண்டார். ஆங்கிலேயரை எதிர்த்து வாணம் எறியும் திப்புவின் வீரர்கள் அதில் இருந்தனர். தாய்நாடு மறந்த ஒன்றை அயல்நாடு சுவரில் மாட்டிப் போற்றுவதைக் கண்டு அவர் வியந்தார். அவரே ஆவுல் பகீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம். அவர் ஓவியத்தைக் கண்டு பெருமை பேசியதோடு அமைந்துவிடவில்லை. நாடு திரும்பிய பின், 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தபோது அதனைப் பொருத்தும் பணியில் தோள் கொடுத்தார்.

நமக்கு எதிராகவே இருப்பினும் உண்மைக்குச் சாட்சியாய் நிற்க வேண்டுமென்பது மார்க்கம் நமக்கு விதித்த கடமை. திப்பு சுல்தானுக்கு இல்லாத புகழைச் சூட்டத் தேவையில்லை. உள்ள புகழே போதும். காகிதக் குழலை இரும்புக் குழலாக்கியது சிறிய மாற்றம். உலகமே அதைப் பின்பற்றியது. நம் பிள்ளைகளுக்கு அவருடைய வாளின் கதையைச் சொல்லி வந்திருக்கிறோம். இனி அவருடைய பட்டறையின் கதையையும் சொல்லுவோம். ஆணாயினும் பெண்ணாயினும் கையால் ஒன்றைச் செய்து பார்க்கவும், செய்ததை அளந்து எழுதி வைக்கவும் அவர்களைப் பழக்குவோம். எழுதி வைத்த அறிவு கிணற்றில் புதைவதில்லை.