கூவத்தில் நின்ற தூண்கள்: சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலைத் திட்டம்

நகர வரலாறுகள் கட்டி முடிக்கப்பட்டவற்றையே பெரிதும் பதிவு செய்கின்றன. கூவம் ஆற்றின் ஓரத்திலும் உள்ளிலும், மேல்தளம் ஏதுமின்றிப் பத்தாண்டுகள் நின்ற கான்கிரீட் தூண்களுக்கு அவற்றில் இடம் கிடைப்பது அரிது. சென்னையின் நிலம், நீர், அரசியல் ஆகியவை ஒன்றோடொன்று மோதிய இடத்தை அறிய அத்தூண்களே சிறந்த சான்றாகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

துறைமுகம் நகரின் மையத்தை ஒட்டி அமைந்தமையே சிக்கலின் தோற்றுவாய். பகற்பொழுதில் கனரக வாகனங்கள் நகருக்குள் நுழையத் தடையுள்ளதால், கண்டெய்னர் லாரிகள் எண்ணூர், திருவொற்றியூர் சாலைகளில் நெடுநேரம் காத்திருந்தன. 2011இல் நீதிமன்ற ஆணையால் நிலக்கரி, இரும்புத்தாது ஆகியவற்றைக் கையாளுதல் நின்றபின், கண்டெய்னர் சரக்கையே துறைமுகம் பெரிதும் நம்ப வேண்டியதாயிற்று. தனிச்சாலையின் தேவையும் அதனால் மிகுந்தது.

ஏறத்தாழ 19 கி.மீ. நீளமுள்ள உயர்மட்டச் சாலைக்கு 2009 சனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு சுமார் 1,815 கோடி ரூபாய். அடர்ந்த நகருள் நிலம் எடுத்தல் கடினம் என்பதால், வழித்தடத்தின் பெரும்பகுதி கூவக்கரையை ஒட்டி வகுக்கப்பட்டது. ஆற்றோரம் வெற்றுநிலம் எனக் கருதப்பட்டது போலும். அங்கே குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டு, நகரின் தென்விளிம்பிலுள்ள கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். சாலை நின்றது, அவர்களது இடப்பெயர்வு நிற்கவில்லை. இத்திட்டத்தின் கணக்கேடுகளில் இவ்விழப்பு இடம்பெறாதது தற்செயலன்று.

2011இல் தமிழகத்தில் ஆட்சி மாறியது. ஒப்புதல் பெற்ற வழித்தடத்திலிருந்து விலகி ஆற்றினுள் தூண்கள் எழுப்பப்படுவதாகவும், அவை வெள்ளநீரின் போக்கைத் தடுக்கும் எனவும் கூறி, 2012 மார்ச்சில் பொதுப்பணித்துறை பணியை நிறுத்தியது. தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2014 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. இத்தடையை அரசியல் பகையாக மட்டுமே விளக்குவது பரவலான வழக்கம். அதில் உண்மை இருக்கலாம். எனினும் நீரோட்டம் பற்றிய வினா பொய்யன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றோடு கூவமும் கரைகடந்தது. நோக்கம் எதுவாயினும் எழுப்பப்பட்ட வினா தன்னளவில் விடைவேண்டி நின்றது.

பின்னர் மாநில அரசு எதிர்ப்பைக் கைவிட்டது. 2022 மே மாதம் மாநில அரசு, ஆணையம், துறைமுகம், கடற்படை ஆகிய நான்கும் உடன்படிக்கை செய்தன. அம்மாதமே பிரதமர் நரேந்திர மோடி இரண்டாம் அடிக்கல்லை நாட்டினார். இம்முறை ஏறத்தாழ 21 கி.மீ. நீளத்தில் ஈரடுக்குச் சாலை. செலவு 5,850 கோடிக்கும் மேல். மேலடுக்கு துறைமுகச் சரக்கு வாகனங்களுக்கும், கோயம்பேடு வரையிலான கீழடுக்கு நகரப் போக்குவரத்திற்கும் உரியன.

ஈரடுக்கு என்பது கூடுதல் பாரம். கூடுதல் பாரத்திற்கு வலுமிக்க தூண்கள் வேண்டும். புதிய வடிவத்திலும் தூண்களில் பல ஆற்றினுள்ளேயே அமைகின்றன. இதற்கிடையே எண்ணூர் காமராசர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் கண்டெய்னர் சரக்கில் கணிசமான பங்கைப் பெற்றுவிட்டன. 2009இல் துறைமுகத்திற்காகத் திட்டமிட்ட சாலை, நகரத்தின் அன்றாடப் பயணிக்கும் பயன்படுமாறு 2022இல் மாற்றப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பழைய தூண்கள் எதற்காக எழுப்பப்பட்டனவோ, அத்தேவை அவை நின்ற காலத்திலேயே பாதி இடம்பெயர்ந்துவிட்டது.