பதுளையை விரும்பி ஏற்ற ஆயர்

ஊவா மலைச்சரிவுகளின் பசுமையைப் பாராட்டாதார் இலர். ஆயின், அப்பசுமையை உண்டாக்கிய தொழிலாளரின் லயன் அறைகளை எட்டிப் பார்த்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஆயர் லியோ நாணயக்கார.

பெனடிக்ட் சபைத் துறவியான அவர், 1959ஆம் ஆண்டு முதல் கண்டியின் ஆயராக விளங்கினார். 1972இல் கண்டியினின்றும் பதுளை தனி மறைமாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அப்பொழுது அவர், பழம்பெருமை வாய்ந்த கண்டியை விடுத்து, வறிய பதுளையையே தாமாக விரும்பி ஏற்றார்.

அக்காலத்துத் தோட்டங்களின் நிலை யாது? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிலாளருட் பெரும்பாலோர் பிரசாவுரிமை இழந்திருந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமோ, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. 1974இல் உணவுப் பஞ்சமும் லயங்களை வாட்டியது.

இத்துயரை ஏட்டில் மட்டும் கற்றல் போதாதென ஆயர் கருதினார். குருத்துவப் பயிற்சிக்கெனப் பண்டாரவளையில் ‘சேவக செவன’வை நிறுவினார். ‘ஊழியர் நிழல்’ என்பது அப்பெயரின் பொருள். அங்கே பயின்ற இளைஞர்கள், கிராமத்து ஏழைகளோடும் தோட்டத்து மக்களோடும் பழகி, தம் விசுவாசத்தை இரக்கச் செயலாக்கக் கற்றனர்.

1982இல் ஆயர் மறைந்தார். சிங்களவராய்ப் பிறந்தும் தமிழ்த் தொழிலாளரின் துயரைத் தம் துயராகக் கொண்ட அவ்வுள்ளத்தை ஊவா மறத்தலாகாது.