நண்பனா, காவலனா? நன்னடத்தை அலுவலர்களின் பாடப்புத்தகங்கள்

ஒரு தொழில் எப்படி மாறி வந்தது என்று தெரிய வேண்டுமானால், அந்தத் தொழிலுக்கு ஆள் தயார் செய்த பாடப்புத்தகங்களைப் பார்க்கலாம். என்ன செய்ய வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லும். எதிரே உட்கார்ந்திருப்பவரை எந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லும். புரொபேஷன் ஆபீசர் என்று நாம் சொல்கிற நன்னடத்தை அலுவலரின் கதையை அப்படித்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வேலை இதுதான். குற்றம் செய்த ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், நீதிமன்றம் சில நிபந்தனைகளோடு வெளியே விடுகிறது. அவரைக் கவனித்துக்கொள்ளவும், திருந்தி வாழ உதவவும் ஓர் அலுவலரை நியமிக்கிறது.

இதைத் தொடங்கியவர்கள் யாரும் படித்து வரவில்லை. 1841ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தொழிலாளி, நீதிமன்றத்தில் நின்ற ஒரு குடிகாரரைத் தன் பொறுப்பில் ஜாமீனில் எடுத்தார். இங்கிலாந்தில் 1876ல் பிரெடரிக் ரெய்னர் என்ற அச்சுத் தொழிலாளி, மதுவிலக்குச் சங்கம் ஒன்றுக்கு ஐந்து ஷில்லிங் அனுப்பி, நீதிமன்றங்களில் சிக்கித் தவிப்பவர்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதிலிருந்து லண்டன் நீதிமன்றங்களுக்கு மிஷனரிகள் வந்தார்கள். அவர்களுக்குப் பாடப்புத்தகம் என்றால் பைபிள்தான்!

1907ல் இங்கிலாந்து இதற்குத் தனிச் சட்டம் போட்டது. அறிவுரை சொல்வது, உதவி செய்வது, நண்பனாக இருப்பது என்று மூன்று கடமைகளை அது அலுவலருக்கு வைத்தது. 1925ல் வந்த சட்டம் நாடு முழுவதும் அலுவலர்களை நியமிக்க வைத்தது. ஆட்கள் பெருகியதும் பயிற்சி தேவைப்பட்டது. 1935ல் லெ மெசூரியர் அம்மையார் தொகுத்த கையேட்டை அலுவலர் சங்கமே வெளியிட்டது. நண்பனாக இருப்பதை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குப் பதில் சொன்ன புத்தகம் சிகாகோவிலிருந்து வந்தது. ஃபீலிக்ஸ் பீஸ்டெக் ஓர் இயேசு சபைப் பாதிரியார், லயோலா பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி ஆசிரியர். 1957ல் வந்த அவருடைய 'தி கேஸ்வொர்க் ரிலேஷன்ஷிப்' சிறிய புத்தகம்தான். நல்ல உறவு என்பதை அவர் ஏழு விதிகளாகப் பிரித்தார். ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார். மனதில் இருப்பதைக் கொட்ட இடம் கொடு. நீயும் மனம் இளகிக் கேள், ஆனால் கட்டுக்குள் வை. ஆளை உள்ளபடி ஏற்றுக்கொள். தீர்ப்புச் சொல்லாதே. முடிவை அவரே எடுக்கட்டும். சொன்னதை ரகசியமாக வை.

நம் ஊரில் எம்.எஸ்.டபிள்யூ. படித்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், இந்த ஏழையும் ஒப்பித்துவிடுவார்கள். இருபது சொச்சம் வயதில், திருட்டு வழக்கில் மாட்டிய ஒருவரோடு முதன்முதலாகப் பேசப் போகிற மாணவருக்கு இதைவிட உபயோகமான புத்தகம் அன்று இருந்திருக்காது.

ஆனால் நன்னடத்தை அலுவலரிடம் வருகிறவர் தானாக வருவதில்லை, நீதிமன்றம் சொல்லி வருகிறார். 1997 வரை இங்கிலாந்தில் குற்றவாளி சம்மதித்தால்தான் இந்த உத்தரவு போட முடியும் என்பது உண்மைதான். ஆனால் சம்மதிக்காவிட்டால் சிறைக்கே போக நேரிடலாம் என்னும்போது அது எவ்வளவு தூரம் சம்மதம்? "நேற்று ராத்திரி மறுபடி திருடினேன்" என்று அவர் சொன்னால் ரகசியம் காப்பதா, நீதிமன்றத்துக்குச் சொல்வதா? இந்த உரிமைகளுக்குச் சட்டமும் நிறுவனத்தின் கடமையும் எல்லை வகுக்கும் என்று பீஸ்டெக்கே எழுதியிருக்கிறார். ஆனாலும் மாணவர்கள் மனப்பாடம் செய்தது விதிகளைத்தான், எல்லைகளை அல்ல.

1970களில் அடி விழுந்தது. 1974ல் அமெரிக்காவின் ராபர்ட் மார்டின்சன் 231 ஆய்வுகளைப் பரிசீலித்து, குற்றவாளிகளைத் திருத்தும் முயற்சிகளுக்குப் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை என்று எழுதினார். அதே காலத்தில் இங்கிலாந்து உள்துறை, அலுவலருக்குக் குறைவான ஆட்களைக் கொடுத்து அதிகக் கவனம் செலுத்த வைத்துப் பார்த்தது. மொத்தத்தில் மறுகுற்றம் குறையவில்லை. மார்டின்சன் 1979ல் தன் கருத்தைத் திருத்திக்கொண்டு எழுதினார். அதைக் கேட்க அப்போது ஆள் இல்லை.

பிறகு அரசியல் மாறியது. 1995ல் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்ட், நன்னடத்தை அலுவலருக்குச் சமூகப்பணிப் படிப்பு தேவை என்ற விதியையே எடுத்துவிட்டார். அடுத்த அரசு 1998ல் புதிய டிப்ளமோ கொண்டுவந்தது, ஆனால் அது சமூகப்பணிப் படிப்பு அல்ல. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் துறைக்கு ஐந்து குறிக்கோள்களை எழுதியது. பொதுமக்களின் பாதுகாப்பு இருக்கிறது, முறையான தண்டனை இருக்கிறது, மறுவாழ்வும் இருக்கிறது. 1907ன் 'நண்பன்' இல்லை.

இந்தச் சண்டைக்கு நடுவில் 1999ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பாடப்புத்தகம் வந்தது. கிறிஸ் டிராட்டர் எழுதிய 'வொர்க்கிங் வித் இன்வாலண்டரி கிளையன்ட்ஸ்'. விருப்பமில்லாமல் வருகிறவர்களோடு வேலை செய்வது பற்றியது என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. ஆசிரியர் தாமே இந்த வேலையில் இருந்தவர். அவர் சொல்வது நான்கு விஷயம். ஒன்று, உன் வேலை என்ன என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்: நான் உதவி செய்பவன், உன்னைக் கண்காணிப்பவனும்தான், எதை ரகசியமாக வைப்பேன், எதை வைக்க மாட்டேன். இரண்டு, நீயே முன்மாதிரியாக நட. அவர் நல்லது செய்யும்போது கவனித்துப் பாராட்டு. மூன்று, அவர் பார்வையில் எது பிரச்சினையோ அதிலிருந்து தொடங்கி, இருவரும் சேர்ந்து தீர்வு தேடுங்கள். நான்கு, நல்ல உறவு.

பீஸ்டெக்கின் உறவு இங்கே நான்கில் ஒன்றாக நிற்கிறது. வெறும் அனுதாபம் மட்டும் ஆளைத் திருத்தாது என்பது டிராட்டரின் வாதம். ஜெர்சி தீவில் நன்னடத்தை அலுவலர்களின் நேர்காணல்களை ஆராய்ந்து 2014ல் வெளிவந்த ஆய்வும் இதற்குப் பலம் சேர்த்தது. இப்படிப்பட்ட திறமைகளை அதிகம் பயன்படுத்திய அலுவலர்களிடம் இருந்தவர்கள், மற்றவர்களைவிடக் குறைவாகவே மறுபடி தண்டனை பெற்றார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னை மாகாணம் 1936லேயே நன்னடத்தைச் சட்டம் இயற்றியது. மத்தியச் சட்டம் 1958ல் வந்தது. அதன் 14ஆம் பிரிவு அலுவலரின் கடமைகளைப் பட்டியல் போடுகிறது. விசாரித்து அறிக்கை தருவது, மேற்பார்வை செய்வது, தேவைப்பட்டால் வேலை தேடித் தர முயல்வது, அறிவுரையும் உதவியும் தருவது. 1907ன் சொற்கள் அதில் நன்றாகவே தெரிகின்றன. நண்பனாக இருப்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஒருவேளை நண்பன் என்பதே தவறான சொல்லோ என்னவோ. உன்னைப் பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுகிறவன் உனக்கு எப்படி நண்பனாவான்? ஆனால் காவலன் என்பதும் சரியில்லை, அதற்குப் போலீஸ் இருக்கிறது. நாளைக்கு இந்த வேலைக்குப் போக நினைக்கும் மாணவர்கள் பீஸ்டெக்கோடு நிறுத்திக்கொள்ளாமல் டிராட்டரையும் படித்துவிட்டுப் போவது நல்லது. "நான் யார், என்னால் என்ன முடியும், என்ன முடியாது" என்று முதல் சந்திப்பிலேயே நேர்மையாகச் சொல்லிவிட்டால், எதிரே இருப்பவர் பிறகு ஏமாந்துபோக வேண்டியிருக்காது. ஏற்கெனவே பலரிடம் ஏமாந்தவராகவும் அவர் இருக்கலாம் அல்லவா?